நெல் வயல் மீத்தேன்: கச்சாத் தரவு எங்கே?

நெல் வயலிலிருந்து வெளியேறும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை அளப்பது என்றதும் பலர் ஏதோ பெரிய இயந்திரத்தை நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. நட்ட குத்துகளை மூடி ஓர் அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்ப்போம். அரை மணி நேரத்துக்குள் சில தடவை உள்ளே இருக்கும் காற்றை சிரிஞ்சில் இழுத்துக் குப்பியில் அடைப்போம். ஆய்வகத்தில் வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி மூலம் பார்த்தால், பெட்டிக்குள் மீத்தேன் எவ்வளவு வேகமாகக் கூடியது என்று தெரிந்துவிடும்.

சிக்கல் வயலில்தான். பெட்டிக்குப் பக்கத்தில் சேற்றில் கால் வைத்தாலே அடியில் கிடக்கும் குமிழிகள் கிளம்பி அளவு ஏறிவிடும். பலகை போட்டுத்தான் நிற்க வேண்டும். காலையில் எடுத்த மாதிரியும் உச்சிவெயிலில் எடுத்த மாதிரியும் ஒத்துப்போகாது. எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் ஆட்டிப்படைக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடும் வயலில், தண்ணீர் வடியும்போது மண்ணில் சிக்கியிருந்த மீத்தேன் ஓரிரு நாளில் குபீரென்று வெளியேறும். வாரம் ஒருமுறை போகிறவர் அதைத் தவறவிடலாம். அல்லது சரியாக அன்றைக்குப் போய், அந்த ஒரு நாள் அளவையே வாரம் முழுவதற்கும் நீட்டிவிடலாம்.

ஆனால் ஆய்வு முடிவாக வெளியாகும் அட்டவணையில் பருவத்துக்கு ஒரே ஒரு சராசரிதான் இருக்கும். அது எப்படி வந்தது என்று யாரும் சரிபார்க்க வழியில்லை.

கள அளவீடு எவ்வளவு தூரம் கணக்கை மாற்றும் என்பதற்கு நம் நாடே சாட்சி. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பழைய மதிப்பீடு ஒன்று சொன்னது. 1991இல் தேசிய இயற்பியல் ஆய்வகம் முன்னின்று வயல்களில் அளந்தபோது வந்தது சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய ஒன்பது மடங்கு வித்தியாசம்!

இன்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி, நாடுகள் உமிழ்வைக் கணக்கிடத் தரும் வழிகாட்டியின் 2019 திருத்தத்தில் தெற்காசியாவுக்கென்று தனி அளவு இருக்கிறது: எப்போதும் தண்ணீர் நிற்கும், தொழுவுரமோ வைக்கோலோ இடாத வயலுக்கு நாளொன்றுக்கு ஹெக்டேருக்கு 0.85 கிலோ. பலமுறை காயவிட்டால் அதை 0.55ஆல் பெருக்க வேண்டும். நாட்டுக் கணக்குக்கு இது சரி. டெல்டாவில் ஒரு தாளடி வயலுக்கு இதையே போட்டால்? குறுவைத் தாளை மடக்கி உழுதார்களா, எத்தனை நாளுக்கு முன் உழுதார்கள் என்பதைப் பொறுத்தே கணக்கு மாறிவிடும்.

ஆகவே சராசரியோடு கச்சாத் தரவும், அதாவது ஒவ்வொரு குப்பியின் அளவும், எடுத்த நேரமும், பெட்டிக்குள் இருந்த வெப்பமும், தினசரி நீர்மட்டமும், உழவு, உர விவரமும் பொதுவெளிக்கு வர வேண்டும். ஒத்துவராத மாதிரிகளை அழிக்காமல் குறிப்போடு விட்டுவைக்கலாம். விவசாயியின் பெயரும் சர்வே எண்ணும் வேண்டாம், ஊராட்சி ஒன்றியம் வரை போதும். நீர்மட்டம் பார்க்க, துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் பதித்தால் ஆயிற்று. தினமும் வரப்புக்கு வருகிறவரே எழுதிவிடுவார்.

அப்படி எழுதிக் கொடுக்கிறவருக்கு அவர் வயலின் முடிவை நாம் பெரும்பாலும் சொல்வதே இல்லை. உமிழ்வைக் குறைத்ததற்குப் பணம் தரும் கார்பன் கிரெடிட் ஒப்பந்தத்தோடு ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது, பேரம் பேச விவசாயி கையில் இருக்க வேண்டியது அந்த எண்தான்.