செபப் புத்தகத்துக்குள் இருந்த அடகுச் சீட்டு

ஏப்ரல் 15 வந்துவிட்டால் பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு நிற்கும், வாரத் தவணை நிற்காது. வங்கியில் கடன் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் கேட்பவர்களுக்குக் கடன் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன்.

போன தடைக்காலத்தில் ஒரு அக்கா வந்தார். செபப் புத்தகத்தை விரித்தால் மாதா படத்துக்குப் பின்னால் நாலாக மடித்த அடகுச் சீட்டு, குழுக்கடன் அட்டை மூன்று. "இவ்வளவுதானா?" என்றேன். "இவ்வளவுதான் சார்." அரை மணி நேரம் கழித்து, டீ குடித்து முடித்த பிறகுதான் இன்னொன்று வெளியே வந்தது. தெரிந்த ஒருவரிடம் வாங்கிய 30,000, பத்து ரூபாய் வட்டிக்கு. மாதம் 3,000 வீதம் 14 மாதம், ஆக 42,000 கட்டியாகிவிட்டது, அசலில் ஒரு பைசா குறையவில்லை. வாங்கியது மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு. வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது.

"தினமும் செபமாலை சொல்றேன் சார், அந்தோனியார் கைவிட மாட்டார்" என்றார். அந்த விசுவாசத்தை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் அவர்தான் துணை. ஆனால் ஆண்டவரிடம் தொகையைச் சொல்லி அழுகிற நாம் கட்டிய புருஷனிடம், பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியத்தில், வங்கியில் வாய் திறப்பதில்லை, அங்கேதான் கந்துவட்டிக்காரன் பிழைக்கிறான். நானும் யோக்கியன் இல்லை. பல வருஷம் முன்பு தவணை தவறிய ஒருவர் கலங்கிப்போய் வந்தபோது "செபம் பண்ணுங்க, எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உட்கார வைத்து ஒரு தாளை எடுத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் அவர் வள்ளத்து இஞ்சினை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார்.

பைபிளில் நெகேமியா புத்தகத்தின் 5-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்த சனங்கள், தெருவுக்கு வந்து சத்தமாகவே முறையிடுகிறார்கள். நெகேமியா செபத்தில் குறைந்தவர் இல்லை, ஆனால் அன்றைக்கு அவர் செய்தது கடன் கொடுத்த பெரிய மனிதர்களைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்டதுதான். நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். அந்த வட்டி நூற்றுக்கு ஒன்று. மாதக் கணக்கு என்றுதான் விளக்கவுரையாளர்கள் பலர் சொல்கிறார்கள், அதாவது நம் ஊர் பேச்சில் ஒரு ரூபாய் வட்டி! நாம் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வாய் மூடி இருக்கிறோம்.

சரி, அக்கா கதைக்கு வருவோம். தனியார் கடையில் இரண்டு ரூபாய் வட்டியில் கிடந்த சங்கிலியை மீட்டு வங்கிக்கு மாற்றினோம், அங்கே ஆண்டுக்கே 9, 10 சதவீதம்தான். மீட்கும் பணத்தை அவர் அண்ணன் இரண்டு நாள் கைமாற்றாகக் கொடுத்தார். அண்ணனிடம் சொல்லவே ஒரு வாரம் ஆயிற்று. வங்கி கொடுத்ததில் அண்ணன் பணம் போக மிஞ்சியதை வைத்துப் பத்து ரூபாய் வட்டிக்காரரிடம் அசலைப் பேசி முடித்தோம். 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு என்பது அவருக்கும் தெரியும், ரொம்ப வாதாடவில்லை. குழுக்கடன்காரர்கள் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வசூலுக்குப் போன் போடக்கூடாது, இது ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதி. வங்கிக் கடன் என்றால் தவணை தவறி 90 நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும், அதனால் தடைக்காலம் தொடங்கும்போதே மேலாளரைப் பாருங்கள், முடிந்த பிறகு போனால் அவர் கையிலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. மீனவர்களுக்கான அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 கட்டினால் 4,500 ஆக வரும், அந்த 1,500-ஐ விட்டுவிடாதீர்கள்.

கோவில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவைக்கும் ஒரு வார்த்தை. கடல் படுத்துக் கிடக்கிற வருஷம் திருவிழா வரியைத் தள்ளி வையுங்கள். புதுநன்மைக்குத் தனித்தனி விருந்து வேண்டாம், எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து மண்டபத்தில் ஒரே பந்தி போடலாம்.

இரண்டாம் பூசைக்குப் பிறகு மண்டபத்தின் பின்பக்கம் இருப்பேன். வரும்போது எல்லா அட்டைகளையும் எடுத்து வாருங்கள், முடிந்தால் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. டீ என் செலவு.