பழைய மடிக்கணினியைத் தள்ளிவிடும் முன்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் பழுதுபார்க்கும் கடைக்கு வரும் மடிக்கணினிகளில் பல, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர் பிள்ளைகளின் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) படிப்புக்காகத் தவணையில் வாங்கியவை. திரைக்கும் விசைப்பலகைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால், எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சில்லுகளைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை.

“தம்பி, இதை வீசிவிட்டுப் புதிது வாங்க வேண்டுமா?” என்று அக்காமார்கள் கேட்கிறார்கள். கையில் பணம் இல்லாதவர்களுக்கு ஊரில் கிடைக்கும் இன்னொரு யோசனை, சில பத்து ரிங்கிட்டுக்கு ‘கிராக்’ செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த விண்டோஸை ஏற்றிக்கொள்வது. எனக்குக் கவலை தருவது இதுதான். கிராக் நிரல்களில் பல, வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்பவை. கூடவே வேறு எதை உள்ளே விட்டன என்பது வாங்கியவருக்கும் தெரியாது, பல நேரம் விற்றவருக்கும் தெரியாது. அதே கணினியில்தான் வீட்டார் வங்கிக் கணக்கையும் திறக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கணினிகளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸை முயன்று பாருங்கள் என்கிறேன். 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு அடியில் ஓடுவதும் அதன் மையப்பகுதியான கருநிரல்தான். பழைய கணினிகளுக்கு நான் எடுப்பது லினக்ஸ் மின்ட் என்ற வகையின் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான பதிப்பு. 2 ஜிபி நினைவகத்தில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி.

உடனே நிறுவாதீர்கள். முயன்று பாருங்கள் என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி தம்ப் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் போன்ற மென்பொருளால் மின்ட்டை எழுதினால் (அதில் உள்ளவை அழிந்துவிடும், முதலில் காலி செய்துகொள்ளுங்கள்) கணினியின் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே அதிலிருந்து லினக்ஸை ஓட்டலாம். சற்று மெதுவாக இருக்கும். அணைத்தவுடன் நீங்கள் செய்த மாற்றங்கள் மறைந்துவிடும். பரவாயில்லை, இது சோதனைதான்.

சோதனை என்றால் சுவர்ப்படத்தை மாற்றி ரசிப்பது அல்ல. உங்கள் வீட்டில் உண்மையிலேயே நடக்கும் வேலைகளைச் செய்யுங்கள். பிள்ளையின் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கில் நுழையுங்கள், வருமான வரிப் பக்கத்தைத் திறங்கள். உலாவியில் நடக்கும் வேலைகளில் அநேகமாகச் சிக்கல் வராது. வருவது வேறு இடங்களில். மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா? கேமராவும் ஒலியும் வருகின்றனவா? அச்சுப்பொறி அச்சிடுகிறதா? மலிவான சில லேசர் அச்சுப்பொறிகள் இங்கே அழவைக்கும். வைஃபை வரவில்லையென்றால் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து இணையத்தைப் பகிர்ந்துவிட்டு, மின்ட்டின் டிரைவர் மேலாளரை (வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் நிரல்களைத் தேடித்தரும் கருவி) திறந்து பாருங்கள். பல நேரம் தேவையான டிரைவர் அங்கேயே காத்திருக்கும். லினக்ஸ் போட்டுத் தாருங்கள் என்று வருபவர்களிடம் நான் தம்ப் டிரைவை மட்டும் கொடுத்து, ஓடாததையெல்லாம் ஒரு தாளில் எழுதிவரச் சொல்கிறேன். தாள் வெறுமையாக வந்தால் அவர் சோதிக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நம்மவர்கள் சோதிக்க மறப்பது தமிழை. நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழகிய விரல்கள் இங்கே அதிகம். அதற்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. தமிழ்99 பழகியவர்களுக்கு அந்த அமைப்பு லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்தொலியில் தட்டுபவர்கள் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ள வேண்டும். சில எழுத்துகளுக்கு விரலைத் திருத்திப் பழக வேண்டியிருக்கும். கோயில் செயற்குழுவின் பழைய அறிக்கைகள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருந்தால் திரையில் கிறுக்கலாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பையும் கொண்டுவந்து நிறுவினால் படிக்கலாம். வேர்ட் கோப்புகள் லினக்ஸில் அதற்குப் பதிலாக உள்ள லிப்ரே ஆபிஸில் திறக்கும், ஆனால் அட்டவணையும் பக்க அமைப்பும் நகர்ந்துவிடக்கூடும். திருவிழா அழைப்பிதழை அச்சகத்துக்கு அனுப்பும் முன் பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள்.

விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பிக் கடை நடத்துபவருக்கு நான் லினக்ஸைச் சொல்வதில்லை. வேலரண்ட் விளையாடும் பையனுக்கும் அப்படித்தான். அதன் ஏமாற்றுத் தடுப்பு லினக்ஸில் ஓடாது.

எல்லாம் ஒத்துவந்தால் நிறுவலாம். புகைப்படங்களையும் சான்றிதழ் நகல்களையும் வேறொரு டிஸ்கில் எடுத்து வைத்து, எடுத்தவை திறக்கின்றனவா என்றும் பாருங்கள். நிறுவும்போது வரும் ‘டிஸ்க்கை அழி’ என்ற தேர்வு, சொன்னதைச் சொன்னபடி செய்யும். விண்டோஸ் டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால், பயோஸ் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) அமைப்பில் கை வைப்பதற்கு முன்பே 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதானால் அதன் ‘வேகத் தொடக்கம்’ வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எதையும் எழுத முடியாமல் போகும். ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தமிட்டால் இயங்குதளத்தை மாற்றிப் பயனில்லை. முதலில் உள்ளே இருப்பதை நகலெடுங்கள், பிறகு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போடுங்கள். வேகம் கூடுவதில் பாதிக்குமேல் அதனால்தான், லினக்ஸால் அல்ல.