திட்டமிடல் நேரம், நிறைவேற்ற நேரம்: ஒரு சொல் விளக்கம்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கணினி படிக்கும் பிள்ளைகளிடம் "ஏன் இது இவ்வளவு சுணங்குது?" என்று கேட்டால், "குவெரி ஸ்லோ, சேர்" என்பார்கள். எது சுணங்குகிறது என்பது அந்த விடையில் இல்லை. எப்படித் தேடலாம் என்று தரவுத்தளம் யோசிக்க ஒரு நேரம் எடுக்கிறது. யோசித்தபடி தேடி எடுக்க இன்னொரு நேரம் எடுக்கிறது. ஆங்கிலத்தில் முதலாவது பிளானிங் டைம், இரண்டாவது எக்ஸிகியூஷன் டைம். தமிழிலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் கட்டளைதான் குவெரி. அந்தச் சொல் இலத்தீன் வழி வந்தது. 'கேள்', 'தேடு' என்று ஏவும் வினை அதன் வேர். நம் அலுவலகங்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. கணக்காய்வில் 'ஓடிட் குவெரி' வந்தால் ஐயவினா என்று எழுதுகிறோம். ஆனால் தரவுத்தளத்திடம் கேட்பதில் ஐயம் எதுவும் இல்லை. வெறும் 'வினா' என்றால் பிள்ளைகளுக்கு வினாத்தாள்தான் நினைவுக்கு வரும். பாடநூல்களில் வழங்கும் 'வினவல்' சரியான சொல். "ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்" என்கிறது 594ஆம் குறள். அதர் என்றால் வழி. செல்வம் வழி கேட்டுக்கொண்டு ஊக்கமுடையவனிடம் போய்ச் சேருமாம். வினவுதலுக்குள் வழி தேடுதலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1979இல் ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தள ஆய்வுக் குழுவில் பட்ரீசியா செலிங்கரும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வும் இதே வேலையை 'அணுகுபாதைத் தெரிவு' என்ற பொருளில்தான் பெயரிட்டது.

பிளான் என்றால் வன்னியில் முதலில் காணிப் பிளான். திட்டம் என்றால் வீட்டுத்திட்டம், குடியேற்றத்திட்டம். அதனால் 'வினவல் திட்டம்' என்று மொட்டையாகச் சொன்னால் காது வேறெங்கோ போகும். 'திட்டமிடல்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

எக்ஸிகியூஷன் என்பதற்குச் சிலர் 'செயலாக்கம்' என்கிறார்கள். அது தரவைப் பதப்படுத்தும் வேலை முழுவதையும் குறிக்கப் பழகிவிட்ட சொல். இலத்தீன் மூலத்தின் பொருள் 'முடிவுவரை பின்தொடர்தல்'. நிறைவை உள்ளே வைத்திருக்கும் 'நிறைவேற்றம்' அதற்கு அருகில் நிற்கிறது. என் தெரிவு அதுவே.

சிறுபோகத்துக்கு முன் இரணைமடுக் கமக்காரரைக் கூட்டி, குளத்தில் நிற்கும் நீரைக் கணக்கிட்டு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிப்பார்கள். அது திட்டமிடல். துருசு திறந்து வாய்க்காலின் கடைசி வயல்வரை தண்ணீர் போவது நிறைவேற்றம். கூட்டத்தில் சொன்ன நீர்மட்டம் பழையது என்றால் என்ன ஆகும்? கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும், கடைசி வயல் காயும். தரவுத்தளத்திலும் இதுதான் நடக்கிறது. திட்டமிடும்போது அது அட்டவணையை முழுதாகப் பார்ப்பதில்லை. முன்னர் சேர்த்து வைத்த புள்ளிவிவரத்தைத்தான் பார்க்கிறது. நூறு வரி வரும் என்று மதிப்பிட்ட இடத்தில் பத்து இலட்சம் வரி வந்தால், திட்டமிடல் நேரம் சிறிதாகவே இருக்கும், நிறைவேற்ற நேரம் எகிறும். பிழை விளைந்தது ஒரு கட்டத்தில், தெரிவது மற்றக் கட்டத்தில். இரண்டையும் 'வினவல் நேரம்' என்ற ஒரே சொல்லில் போட்டால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மறுபக்கமும் உண்டு. நான்கு அட்டவணைகளை எதன்பின் எதை இணைப்பது என்பதற்கு 24 வரிசைமுறைகள் உண்டு, எட்டுக்கு 40,320. இணைப்புகள் கூடிய வினவலில் யோசிப்பதற்கே பெரும்பகுதி நேரம் போய், தேடல் நொடியில் முடிவதும் நடக்கும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் வினவலுக்கு முன் 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' சேர்த்தால் இரண்டு நேரங்களும் மில்லி செக்கனில் தனித்தனி வரியாக வரும். முன்பு 'மொத்த ஓட்ட நேரம்' என்ற பொருளில் ஒரு வரி மட்டும் இருந்தது. 2014இல் வந்த 9.4 பதிப்பில் திட்டமிடல் நேரத்தைச் சேர்த்தபோது, பழைய பெயர் குழப்பும் என்று அதை 'நிறைவேற்ற நேரம்' என்று மாற்றினார்கள். ஆங்கிலத்திலேயே திருத்த வேண்டியிருந்த சொல் இது.

ஒரு எச்சரிக்கை. 'அனலைஸ்' சேர்த்தால் வினவல் உண்மையாகவே ஓடும். அழிக்கும் கட்டளை என்றால் தரவு அழிந்துவிடும். 'பிகின்' கட்டளை போட்டுத் தொடங்கி, பார்த்து முடிந்ததும், செய்த மாற்றத்தை மீளப்பெறும் 'ரோல்பேக்' கட்டளை கொடுங்கள்.

விடை வலையமைப்பு வழியே பயனருக்குப் போய்ச்சேரும் நேரம் இந்த இரண்டிலும் அடங்காது. முல்லைத்தீவில் சிக்னல் குறைந்த ஓர் ஊரில் கைபேசியோடு நிற்பவருக்கு ஆகும் சுணக்கத்தில் அதுவும் சேரும். அதற்குக் 'காத்திருப்பு நேரம்' என்ற சொல்லை ஒதுக்கி வைக்கலாம்.