மயக்கவியல் செவிலியர்: ‘உதவியாளர்’ என்று எழுத வேண்டாம்

அமெரிக்காவில் நர்சிங் மேற்படிப்பு பற்றித் தமிழில் வரும் காணொளிகளில் ‘நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட்’ என்ற பணியை, அதாவது அறுவை சிகிச்சையின்போது நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும் செவிலியரின் பணியை, ‘மயக்க மருந்து உதவியாளர்’ என்கிறார்கள். யாரோ ஒருவர் சொன்னால் விட்டுவிடலாம். இப்போது கட்டுரைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் அதையே பார்க்கிறேன். சொல் அழகாக இல்லை என்பதல்ல என் குறை. விண்ணப்பிக்க நினைப்பவரை அது தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

முதலில் மூலச்சொல். கிரேக்கத்தில் ‘அன்’ இல்லாமை, ‘ஐஸ்தேசிஸ்’ புலனுணர்வு. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஈதர் என்ற மயக்க ஆவியைக் கொடுத்து அறுவை சிகிச்சை நடந்தது. அந்த நிலைக்கு ‘அனஸ்தீசியா’ என்று பெயர் வைக்கலாம் என அடுத்த மாதமே ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற மருத்துவர் மார்ட்டனுக்கு எழுதினார். சொல் அதற்கு முன்பும் இருந்தது. நிலைத்தது அதற்குப் பிறகு. தமிழில் மயக்கம், மயக்கவியல். அரசு மருத்துவமனைகளில் ‘மயக்கவியல் துறை’ என்றுதான் எழுதியிருக்கிறது.

சரி, உதவியாளர் எங்கிருந்து வந்தார்? நர்ஸ் என்றாலே டாக்டருக்குக் கைகொடுப்பவர் என்ற பழைய எண்ணத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இந்தப் பணியின் வரலாறு அப்படி இல்லை. 1877-இல் பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் சகோதரி மேரி பெர்னார்ட் மயக்கம் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து இந்த வழக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். மின்னசோட்டாவின் ராச்செஸ்டரில் அறுவை மருத்துவர்களான மேயோ சகோதரர்களுடன் பணியாற்றிய செவிலியர் ஆலிஸ் மகா, மயக்கத்தால் ஓர் உயிரும் போகாமல் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு மயக்கம் கொடுத்த விவரத்தை 1906-இல் வெளியிட்டார். செவிலியர் மயக்கம் கொடுப்பது சட்டவிரோதமாக மருத்துவம் பார்ப்பதாகும் என்று கலிபோர்னியாவில் மருத்துவர்கள் வழக்குப் போட்டார்கள். அறுவை மருத்துவரின் வழிகாட்டலில் செய்தால் அது குற்றமல்ல என்று 1936-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956-இல் ‘சி.ஆர்.என்.ஏ.’ என்ற பட்டப்பெயரும் வந்தது. சான்று பெற்ற, பதிவு பெற்ற மயக்கவியல் செவிலியர் என்பது அதன் பொருள். இதில் உதவியாளர் என்ற பொருள் எந்த எழுத்திலும் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மயக்கவியல் உதவியாளர் என்றே இன்னொரு தொழில் இருக்கிறது. அதற்கு நர்சிங் படித்திருக்கத் தேவையில்லை. மருத்துவப் படிப்புக்குப் போவோர் படிக்கும் அறிவியல் பாடங்களுடன் இளநிலைப் பட்டம் பெற்று, எம்கேட் (மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) அல்லது ஜிஆர்ஈ (முதுநிலைப் படிப்புக்கான பொதுத் தேர்வு) எழுதி, முதுநிலைப் படிப்பில் சேர வேண்டும். படித்து முடித்த பிறகும் மயக்கவியல் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே வேலை செய்ய முடியும், அதுவும் சில மாநிலங்களில் மட்டும். மயக்கவியல் செவிலியரோ 50 மாநிலங்களிலும் பணிபுரிகிறார். மருத்துவரின் மேற்பார்வை கட்டாயம் என்ற மெடிக்கேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விதியிலிருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ளலாம் என்று 2001-இல் வழி திறந்தது. அயோவா முதலில் விலகியது. மயக்கவியல் மருத்துவரே இல்லாத கிராமப்புற மருத்துவமனைகளில் பிரசவ வலிக்கு முதுகில் ஊசி போடுவதும், அவசர அறுவைக்கு மூச்சுக்குழாய் பொருத்துவதும் இந்தச் செவிலியர்தான். இரண்டு தொழிலுக்கும் ஒரே தமிழ்ச்சொல் வைத்தால் படிப்பவர் எதை எதிலிருந்து பிரித்தறிவார்? தமிழ்நாட்டில் இருப்பவர் குழம்ப இன்னொரு காரணமும் உண்டு. இங்கே மயக்கவியல் தொழில்நுட்பம் என்று ஒரு பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது. ‘உதவியாளர்’ என்று கேட்டதும் அதுதான் நினைவுக்கு வரும். அதைப் படித்துவிட்டு அமெரிக்காவில் மயக்கவியல் செவிலியராகச் சேர முடியாது.

சேருவதற்கான வழியைப் பார்த்தாலே எந்தச் சொல் சரி என்று தெரியும். அந்த நாட்டில் பதிவு பெற்ற செவிலியர் உரிமம் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேர அனுபவம் வேண்டும். இடம் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே வைத்திருப்பார்கள். வென்டிலேட்டர் என்ற செயற்கைச் சுவாசக் கருவியையும் ரத்த அழுத்த மருந்துச் சொட்டையும் கையாண்டு பழகியவரா என்று நேர்காணலில் துருவித் துருவிக் கேட்பார்கள். தீவிர சிகிச்சைச் செவிலியருக்கான சி.சி.ஆர்.என். சான்று இருந்தால் விண்ணப்பத்துக்குப் பலம். வேதியியல், உடலியங்கியல் மதிப்பெண் குறைவாக இருந்தால் மறுபடி படித்து உயர்த்திக்கொள்வதும் வழக்கம். 2022 முதல் புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் இது முனைவர் நிலைப் படிப்பு. குறைந்தது 36 மாதங்கள். அதற்குள் 600 நோயாளிகளுக்காவது மயக்கம் கொடுத்துப் பழக வேண்டும், 2,000 மணி நேரமாவது மருத்துவமனைப் பயிற்சி வேண்டும். பிறகு தேசியச் சான்றுத் தேர்வு. செவிலியராக இருந்தால்தான் உள்ளே நுழையவே முடியும். அப்படியிருக்க அந்தப் பெயரிலிருந்து செவிலியரை எடுத்துவிட்டு உதவியாளரைப் போடுவது எந்த ஊர் மொழிபெயர்ப்பு?

‘மயக்க மருந்து செவிலியர்’ என்பதில் இவ்வளவு கேடு இல்லை. ஆனாலும் மருந்தை ஏற்றிவிட்டுப் போகிறவர் என்று பணியைச் சுருக்கிவிடுகிறது. அறுவை முடியும்வரை மூச்சையும் இதயத்தையும் பார்த்திருந்து, கண் திறக்கவைத்து வெளியே அனுப்புகிறவரை மருந்தின் பெயரால் அழைப்பது போதாது.

தூய்மை விரும்புவோர் ‘உணர்வகற்றல் செவிலியர்’ என்பார்கள். மூலப்பொருளுக்கு அது நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நினைவு இருக்கும்போதே இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதும் அனஸ்தீசியாதானே, அங்கே மயக்கம் எங்கே என்ற கேள்வியும் நியாயம்தான். ஆனால் ‘மயக்கம்’ நினைவிழப்பு என்ற ஒரு பொருளுக்குள் அடங்கிய சொல் அல்ல. இலக்கணத்தில் மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம் என்றெல்லாம், கலத்தல் என்ற பொருளில், அது காலங்காலமாக வேறு வேலை பார்த்து வருகிறது. மக்களுக்கும் துறைக்கும் ஏற்கெனவே பழகிய சொல்லைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிய இன்னொன்றைக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. ஈழத்து வாசகர்கள் செவிலியருக்குப் பதில் தாதியர் என்று எழுதினாலும் பொருள் மாறாது.

‘மயக்கவியல் நிபுணர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். இந்தப் பெயர்ச் சண்டை ஆங்கிலத்திலேயே நடக்கிறது. 2021-இல் அமெரிக்க மயக்கவியல் செவிலியர் சங்கம் தன் பெயரில், மருத்துவர்கள் தங்கள் துறைக்கு வைத்திருக்கும் ‘அனஸ்தீசியாலஜி’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. மயக்கவியல் மருத்துவர்களின் சங்கம் அதைக் கண்டித்தது. அதே ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றம் ‘அனஸ்தீசியாலஜிஸ்ட்’ என்ற பட்டப்பெயர் மருத்துவருக்கே உரியது என்ற மருத்துவ வாரியத்தின் முடிவை உறுதிசெய்தது. தமிழில் நிபுணர் என்றால் மருத்துவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். மயக்கவியல் செவிலியர் என்பதில் துறையும் இருக்கிறது, ஆள் யார் என்பதும் இருக்கிறது. அவரைத் தாழ்த்தவும் இல்லை.

ஒரு சொல்லோடு இது முடிந்தால் பரவாயில்லை. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம் இந்தப் படிப்பைப் பற்றி எழுதும் எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறது. ‘அனஸ்தீசியா பள்ளி’ என்கிறார்கள். அமெரிக்கர்கள் பல்கலைக்கழகப் படிப்பையும் ‘ஸ்கூல்’ என்பார்கள். தமிழில் பள்ளி என்றால் பன்னிரண்டாம் வகுப்போடு சரி. ‘கிரிட்டிக்கல் கேர்’ எனப்படும் தீவிர சிகிச்சை ‘முக்கியமான பராமரிப்பு’ ஆகிறது. விண்ணப்பிக்கும் முன் ஒரு மயக்கவியல் செவிலியரோடு அறுவை அரங்கில் உடனிருந்து பார்த்துவரச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ‘ஷேடோயிங்’ எனப்படும் அதை ‘நிழலிடுதல்’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்? ‘உடனிருந்து கற்றல்’ போதும். படிப்பின் முடிவில் கிடைக்கும் பட்டத்தை ‘டாக்டர் பட்டம்’ என்று எழுதும்போது எம்.பி.பி.எஸ். மாதிரி ஒன்று என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே ‘செவிலியத்தில் முனைவர் பட்டம்’ என்று முழுதாகவே எழுதலாம்.