மேடம் கய்யாருக்கு வாசம் தெரியாது

‘பெர்ஃப்யூம்’ நாவலைப் படித்தவர்கள் கிரெனூயைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசாமல் இருக்க முடியாது. 1738இல் பாரிஸ் மீன் சந்தையில், மீன் வெட்டும் மேசைக்கடியில் பிறந்தவன். உலகத்தின் எல்லா வாசத்தையும் பிரித்தறியும் மூக்கு அவனுக்கு, ஆனால் அவன் உடம்புக்கென்று ஒரு வாசமும் கிடையாது. இளம்பெண்களின் வாசத்தை எடுத்து வாசனைத் திரவியம் செய்வதற்காக அவர்களையே கொல்கிறான். ஜெர்மன் எழுத்தாளர் பாட்ரிக் சூஸ்கிண்ட் எழுதி 1985இல் வெளிவந்தது. இருண்ட கதைதான். மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டாம் என்றுதான் யாருக்கும் சொல்வேன்.

எனக்கு அதில் மறக்க முடியாமல் போனது வேறொரு பாத்திரம். மேடம் கய்யார். அநாதைக் குழந்தைகளைக் காசுக்கு வளர்க்கிறவள். வயது முப்பதுகூட ஆகவில்லை. சிறுமியாக இருந்தபோது அவள் அப்பா அடுப்பு கிளறும் இரும்புக் கம்பியால் நெற்றியில், மூக்கின் வேருக்குச் சற்று மேலே, அடித்துவிடுகிறார். அன்றோடு அவளுக்கு வாசம் போய்விடுகிறது. கிரெனூய் குழந்தையாக இருக்கும்போதே ஒரு பாலூட்டும் தாய், “இந்தப் பிள்ளைக்கு வாசமே இல்லை” என்று பயந்து திருப்பிக் கொடுத்திருப்பாள். கய்யாருக்கு அது தெரியவே தெரியாது. அதனாலேயே அவன் அந்த வீட்டில் வளர முடிகிறது.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவன். அந்த இரும்புக் கம்பி வரும் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தக் காயத்தை நான் பார்த்திருக்கிறேன். இரும்புக் கம்பியால் அல்ல, பைக்கால்.

மூக்கின் கூரையில், இரண்டு கண்களுக்கும் நடுவே, சல்லடை மாதிரி ஓட்டைகள் உள்ள மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. வாசத்தை உணரும் நரம்பு இழைகள் மூக்கிலிருந்து அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. தலையில் பலமாக அடிபடும்போது மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குகிறது. எலும்பு அசையாமல் நிற்க, மூளை நகர, நடுவில் இருக்கும் இழைகள் அறுந்துபோகின்றன. நாற்றைப் பிடுங்கும்போது சல்லிவேர் அறுவது போல. அடி நெற்றியில்தான் பட வேண்டும் என்பதில்லை. பின்மண்டை தரையில் மோதினாலும் இதே கதைதான், சொல்லப்போனால் அதில்தான் வாசம் முழுவதுமாகப் போகும் வாய்ப்பு அதிகம்.

கல்யாணச் சமையலில் மாஸ்டருக்கு உதவியாளாக இருக்கும் ஒரு பையன் என்னிடம் வந்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து மல்லாக்க விழுந்திருக்கிறான். ஹெல்மெட் டேங்க் மேல் இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்கசிவு இல்லை, மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோருக்கும் நிம்மதி.

“சார், நாக்குல ருசியே இல்ல” என்றான்.

உப்பு தெரிந்தது. புளிப்பு தெரிந்தது. கண்ணை மூடச் சொல்லிப் புதினாவையும் கொத்தமல்லியையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் இரண்டும் அவனுக்கு வெறும் இலை. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் இறைச்சிச் சாற்றிலும் காளானிலும் வரும் உமாமி, அவ்வளவுதான். ரசத்தை ரசமாக்குவது முழுக்க மூக்கின் வேலை. சந்தேகம் இருந்தால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காயை மெல்லுங்கள், பிறகு விரலை எடுங்கள். அந்தக் கணத்தில் வந்து நிறைகிறதே, அதைத்தான் அவன் இழந்திருந்தான். “தாளிப்பு எப்ப இறக்கணும்னு வாசத்துலதான் சார் தெரியும்” என்று சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அந்த ஐந்து மாதத்தில் அவனை ஒருவரும் “வாசம் தெரியுதா?” என்று கேட்டிருக்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதமே அப்படி. மனித மூக்கு மட்டமானது, நாயோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்கிற எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் காலத்திலிருந்து பாடமாகவே நிலைத்துவிட்டது. அது ஆதாரம் இல்லாத பழங்கதை என்று ஜான் மெக்கான் என்ற நரம்பியல் ஆய்வாளர் 2017இல் விரிவாக எழுதினார். நம் மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாச ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் தலைக்காயத்தோடு வருகிறவரிடம் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று கேட்கிற நாங்கள் மூக்கைத் தாண்டிப் போய்விடுகிறோம். அதனால் உங்களிடம் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டிருந்தால், கொஞ்சம் தேறியதும் காபித்தூளையோ சோப்பையோ மூக்கருகே நீட்டிப் பாருங்கள். தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பையனிடம் நான் பொய் சொல்லவில்லை. அடிபட்டுப் போன வாசம் எல்லோருக்கும் திரும்புவதில்லை, திரும்புகிறவர்களுக்கும் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள்தான் தொடங்கும் என்று சொன்னேன். அவனுக்குப் பத்தாவது மாதத்தில் புகை மட்டும் லேசாகத் தெரிந்தது. இப்போது எண்ணெயின் சத்தத்தையும் வெங்காயத்தின் நிறத்தையும் வைத்து வேலை செய்கிறான். பெருங்காயம் போடும் நேரத்தில் மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறார்.

நாவலாசிரியரோடு நான் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. அந்த ஒரே அடியில் மேடம் கய்யாருக்கு வாசத்தோடு அன்பும் அருவருப்பும் சேர்த்துப் போய்விட்டதாக எழுதுகிறார். அவளுக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. மற்ற புலன்களின் செய்தி மூளையின் ஒரு மைய நிலையத்தில் இறங்கித்தான் மேலே போகும். வாசம் மட்டும் அங்கே நிற்காமல் உணர்ச்சியும் நினைவும் இருக்கும் பகுதிக்கு நேராகப் போய்விடுகிறது. வாசம் போனவர்கள் சோர்ந்துபோவதையும், எல்லாம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடப்பது போல இருக்கிறது என்று சொல்வதையும் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் மரத்துப்போனவர்கள் இல்லை. இழந்தது இன்னதென்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

கொரோனா காய்ச்சலுக்குப் பிறகு வாசம் போன ஓர் அம்மா வந்தார். அறுபதை நெருங்கிய வயது. ஒரு நாளைக்கு மூன்று வேளை குளித்துக்கொண்டிருந்தார். மருமகளுக்குக் குழந்தை பிறந்திருந்த சமயம். “என் மேல என்ன வாடை அடிக்குதோ, எனக்குத் தெரியல டாக்டர். பிள்ளையத் தூக்கவே கூச்சமா இருக்கு” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “பேரன் தலைய மோந்து பாத்தா ஒண்ணுமே வரல” என்றார்.

நாவலில் கிரெனூய் மலைக்குகைக்குள் ஏழு வருடம் தனியாகக் கிடப்பான். ஒருநாள் தன் வாசமே தன்னைப் பனிமூட்டமாகச் சூழ்ந்து மூச்சடைக்க, அதை முகர முடியாமல் தவிப்பதாகக் கனவு கண்டு அலறி எழுவான். அவ்வளவு கொலைகள் நடக்கும் கதையில் என்னை நடுங்கவைத்தது அந்த இடம்தான். அந்த அம்மா மூன்று வேளை குளித்ததும் அந்த அலறலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகின்றன. அதே நாவலில் பாலூட்டும் தாய், பச்சைக்குழந்தையின் பின்னந்தலையில் கேரமல் வாசம் வரும் என்று பாதிரியாரிடம் சொல்கிறாள். ஊருக்கு ஊர் பெயர் மாறலாம், அந்த வாசத்துக்காக ஏங்காத பாட்டி கிடையாது.

கொரோனா கிருமி பெரும்பாலும் நரம்பு அணுக்களை நேராகத் தாக்குவதில்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் பக்கத்து அணுக்களைத்தான் கெடுக்கிறது. வாச நரம்பணுக்களுக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு, அவை திரும்ப முளைக்கக்கூடியவை. இதை அந்த அம்மாவுக்குச் சொல்லிவிட்டு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மெல் குழுவினர் 2009இல் ஆய்வு வெளியிட்ட முறை அது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நான்கு வாசம். காலையிலும் இரவிலும் ஒவ்வொன்றையும் பத்து நொடி முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். நீலகிரித் தைலமும் கிராம்பும் எலுமிச்சைத் தோலும் வீட்டிலேயே இருக்கின்றன, ரோஜாவுக்கு அத்தர் வாங்கிக்கொண்டார். சும்மா முகர்ந்தால் போதாது, அந்த வாசம் முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே முகர வேண்டும். பயிற்சியின் நடுவில் காபி கருகிய ரப்பர் போலவும் வெங்காயம் அழுகல் போலவும் நாறினால் பயந்து நிறுத்திவிடக் கூடாது. பல நேரங்களில் நரம்பு திரும்ப முளைப்பதன் அடையாளம் அது.

எல்லா வாச இழப்பும் இப்படிப்பட்டது இல்லை. மூக்கில் சதை வளர்ந்தோ, நாட்பட்ட சைனஸ் தொல்லையாலோ போன வாசம் மருந்திலும் அறுவை சிகிச்சையிலும் திரும்பி வருவதைப் பார்ப்பது என் வேலையின் பெரிய சந்தோஷம். சளி விட்டு மூன்று வாரம் ஆகியும் வாசம் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து, ரத்தமும் வந்தால் உடனே காட்டுங்கள். வயதானவருக்குக் காரணமே இல்லாமல் வாசம் மெல்லக் குறைந்தால் அதையும் சொல்லுங்கள். வயதாலேயே குறைவது சகஜம்தான், ஆனால் பார்கின்சன் நோயில் கை நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே வாசம் மங்குவது உண்டு. தயவுசெய்து பூண்டுச் சாற்றையோ காரமான தைலத்தையோ மூக்குக்குள் ஊற்றாதீர்கள், இருக்கிற நரம்பும் வெந்துபோகும். அடைப்புக்குக் கடையில் வாங்கும் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விடுவதும் அடைப்பைக் கூட்டத்தான் செய்யும்.

வாசம் இல்லாதவர் இருக்கும் வீட்டில் கேஸ் கசிவை அறிவிக்கும் கருவி ஒன்றை மாட்டிவிடுங்கள். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை இவர்களுக்குப் போய்ச் சேராது. ஃபிரிட்ஜில் வைக்கும் சாம்பார் மேல் தேதி எழுதி ஒட்டுவதும், பழையதை வேறொருவர் முகர்ந்து பார்ப்பதும் வழக்கமாகட்டும். அப்புறம், “மூக்குதானே, கண்ணா போச்சு?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஆறு மாதம் கழித்து அந்த அம்மா திரும்ப வந்தார். காபி இன்னும் சரியாகவில்லை, மல்லிகைப்பூ தெரியவில்லை. “நேத்து பேரனத் தோள்ல போட்டிருந்தேன். பால் கக்கிட்டான். புளிச்ச வாடை அடிச்சது, டாக்டர்” என்றார். “மருமக வந்து சட்டைய மாத்தறேன்னா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்மானு சொல்லிட்டேன்.”