சி.ஆர்.பி.: ரிப்போர்ட்டில் ஒரு வடிவம், திசுவில் வேறு வடிவம்

விடாத காய்ச்சல், மூட்டு வீக்கம், அறுவை சிகிச்சைக்குப் பின் கண்காணிப்பு என எதற்கும் மருத்துவர்கள் எழுதும் ரத்தப் பரிசோதனை சி.ஆர்.பி., அதாவது சி-ரியாக்டிவ் புரோட்டீன். ரிப்போர்ட்டில் வருவது ஒரே ஒரு எண். ஆனால் இந்தப் புரதத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. அந்த எண் ரத்தத்தில் ஓடும் வடிவத்தைக் காட்டுகிறது. சேதமடைந்த திசுவில் அழற்சியைக் கிளறுவது பெரும்பாலும் உருமாறிய வடிவம்.

1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் ஃபிரான்சிஸும் இதைக் கண்டறிந்தார்கள். நிமோனியா நோயாளிகளின் சீரத்தோடு (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிநீர்), நிமோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சர்க்கரைப் பொருளைக் கலந்தபோது வீழ்படிவு உண்டானது. நோயாளி குணமானதும் அவரது சீரத்தில் அந்த வினை மறைந்துவிட்டது.

206 அமினோ அமிலங்கள் கொண்ட ஐந்து ஒரே மாதிரித் துண்டுகள் வளையமாகச் சேர்ந்ததுதான் ரத்தத்தில் ஓடும் சி.ஆர்.பி. இந்த வளையத்துக்கு இரண்டு முகங்கள். ஒரு முகத்தில் ஒவ்வொரு துண்டும் இரண்டு கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு, அவற்றின் வழியாக பாஸ்போகோலின் என்ற மூலக்கூறைப் பற்றும். பல பாக்டீரியாக்களின் சுவரிலும் நம் செல்களின் படலத்திலும் பாஸ்போகோலின் இருக்கிறது. நலமான செல்லில் அது நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் சி.ஆர்.பி.க்கு எட்டாது. செல் சிதையும்போது பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி படலக் கொழுப்பின் ஒரு வாலை வெட்டிவிட, அடுக்கு குலைந்து பாஸ்போகோலின் வெளியே தலைகாட்டுகிறது. சி.ஆர்.பி. அங்கே ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டிய பிறகு நடப்பதுதான் முக்கியம். முதலில் வளையம் உடையாமலே சற்று இளகி, உள்ளே மறைந்திருந்த பகுதிகளை வெளிக்காட்டுகிறது. இந்த இடைநிலை வடிவத்தோடு சி1க்யூ என்ற புரதம் இணைந்து, நோய் எதிர்ப்பில் பங்குள்ள காம்ப்ளிமென்ட் எனும் நிரப்புப் புரதங்களின் தொடர்வினையைத் தொடங்கிவிடும். பிறகு வளையம் தனித்தனித் துண்டுகளாகப் பிரிகிறது. இந்த ஒற்றை வடிவம் நீரில் சரியாகக் கரையாது. அதனால் ரத்தத்தில் ஓடாமல் கொலஸ்ட்ரால் மிகுந்த படலப் பகுதிகளில் போய்ப் படிகிறது. கிளர்ச்சியுற்ற தட்டணுக்களின் மேல் வளையம் இப்படிப் பிரிவது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. கொழுப்பு படிந்த தமனிச் சுவரிலும் மாரடைப்பில் செத்த இதயத் தசையிலும் ஒற்றை வடிவத்தைக் கண்டிருக்கிறார்கள்.

இது வெறும் அடையாளமா, சேதத்தைக் கூட்டுகிறதா? 1999-இல் வெளியான ஓர் எலி ஆய்வு இதில் தெளிவானது. இதயத் தமனியைக் கட்டி மாரடைப்பு உண்டாக்கிய எலிகளுக்கு மனித சி.ஆர்.பி. செலுத்தியபோது செத்த தசையின் பரப்பு கூடியது. நாகப்பாம்பு விஷத்திலிருந்து எடுத்த ஒரு காரணியால் காம்ப்ளிமென்டை முன்கூட்டியே காலிசெய்த எலிகளில் அப்படிக் கூடவில்லை. ஆக, அந்தக் கூடுதல் சேதம் காம்ப்ளிமென்ட் வழியாகவே வந்தது.

இந்தத் துறையில் பொய்யான முடிவுகளும் நிறைய வந்தன. கடையில் வாங்கிய சி.ஆர்.பி.யை ரத்தக்குழாய்ச் செல்களில் ஊற்றி, அது அழற்சியைத் தூண்டுவதாகப் பலர் எழுதினார்கள். அந்தப் புட்டிகளில் கெடாமலிருக்கச் சேர்த்த சோடியம் அசைடும், பாக்டீரியாவில் தயாரித்ததால் கலந்த எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சும் இருந்தன. அவற்றை நீக்கியதும் பல விளைவுகள் காணாமல் போயின. வளையமா ஒற்றையா, சுத்தமா என்று சொல்லாத ஆய்வை நம்பக் கூடாது. மரபணு ஆய்வுகளும் எச்சரிக்கின்றன: பிறவியிலேயே சி.ஆர்.பி. அளவு சற்றுக் கூடுதலாக இருப்பவர்களுக்கு அதனாலேயே இதயநோய் அதிகம் வருவதில்லை. ரத்தத்தின் அளவு வேறு, திசுவில் நடக்கும் உருமாற்றம் வேறு என்பதால் எலி ஆய்வின் முடிவும் மரபணு ஆய்வுகளின் முடிவும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பதே எங்கள் கணிப்பு.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞை கல்லீரலை எட்டியதும் உற்பத்தி தொடங்கும். ரத்தத்தில் ஏற்றம் தெரிய சுமார் 6 மணி நேரம் ஆகும். பிறகு ஏறத்தாழ 8 மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகி, இரண்டாம் நாள் வாக்கில் உச்சம் தொடும். பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருப்பது, கடும் பாக்டீரியா தொற்றில் 300-ஐயும் தாண்டும். காய்ச்சல் வந்த முதல் சில மணி நேரத்தில் எடுத்த எண் குறைவாக இருந்தால் நிம்மதி கொள்ள வேண்டாம். ரத்தத்தில் இதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். நோய் எதுவானாலும் அது பெரிதாக மாறாது. எனவே மருந்து கேட்டு உற்பத்தி நின்றால், ஒரு நாளைக்குள் எண் பாதிக்கும் கீழே இறங்க வேண்டும். மூன்று நாளாகியும் அசையாவிட்டால் உள்ளே சீழ் தேங்கியிருக்கிறதா, ஆன்டிபயாடிக் பொருந்தவில்லையா என்று தேட வேண்டும்.

அலகையும் பாருங்கள். சில லேப்கள் லிட்டருக்கும் சில லேப்கள் டெசிலிட்டருக்கும் கணக்கிடுகின்றன. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். இதயநோய் அபாயம் பார்க்கும் உயர்நுட்பச் சோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைவு, 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் வேறு தொற்றோ காயமோ இருக்கலாம். அது தணிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் திசுக்களையே தாக்கும் லூபஸ் நோய் தீவிரமானபோதும் இந்த எண் பலருக்கு ஏறுவதில்லை. இன்டர்லூக்கின்-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்டவருக்குத் தொற்று முற்றியிருந்தாலும் இயல்பாகவே காட்டும்.

ஒற்றை வடிவத்தை அளக்க வழக்கமான லேப் சோதனை ஏதும் இல்லை. திசுவில் ஒட்டிக்கிடப்பதை ரத்தக் குழாயில் ஊசி போட்டு எடுக்க முடியாது. மருந்து தேடுபவர்கள் அதனால் உருமாற்றத்துக்கு முந்தைய படியையே குறிவைக்கிறார்கள். 2006-இல் அறிவிக்கப்பட்ட ஒரு சேர்மத்தின் இரு முனையிலும் பாஸ்போகோலின் இருக்கிறது. அதன் ஐந்து மூலக்கூறுகள் இரண்டு வளையங்களை முகத்தோடு முகம் சேர்த்துப் பூட்டிவிடுவதால், சிதைந்த செல்லில் ஒட்டும் முகம் மூடிக்கொள்கிறது. மனித சி.ஆர்.பி. செலுத்திய எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது மாரடைப்பின் கூடுதல் சேதம் தடுக்கப்பட்டது.