அம்மாவின் பதிவைத் திறந்தது யார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அம்மாவிடம் தெரிந்த பெண் ஒருவர் கேட்டார்: "என்னக்கா, ஊசி போட ஆரம்பிச்சிட்டாங்களாமே?"

இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) இன்சுலின் தொடங்கி அப்போது நான்கு நாள்கூட ஆகவில்லை. அம்மாவும் நானும் யாரிடமும் சொல்லவில்லை. மிச்சம் இருந்தது கிளினிக் மட்டும்தான்.

தோட்டத்து லயத்தில் வாழ்ந்த காலத்தில் இது பெரிய விஷயமே இல்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் யாருக்கு என்ன மாத்திரை கொடுத்தார் என்பது மறுநாள் காலைப் பெயர்ப்பதிவான பெரட்டிலேயே தெரிந்துவிடும். ஆனால் இந்தக் கிளினிக் காகித அட்டைகளை மூட்டை கட்டிவிட்டுக் கணினிக்கு மாறியிருந்தது. பிறகு எப்படி? அதைத் தேடப் போனதில்தான் இந்தப் பதிவேடு எப்படி இயங்குகிறது என்று எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

முதலில் ஆளைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். நம் ஊரில் அதுவே ஒரு தலைவலி. லெட்சுமி என்ற பெயரைப் பதிவு அலுவலகத்தில் ரோமன் எழுத்தில் அவரவர் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே தெருவில் நாலு லெட்சுமிக்கு நாலு எழுத்துக்கூட்டல். அதனால் கணினி பெயரை நம்புவதில்லை, 12 இலக்க ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பேராக் என்றால் 08), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். எண் கசிந்தால் இவ்வளவும் சேர்ந்தே கசியும். கடவுச்சொல்லைப் போல இதை மாற்றிக்கொள்ளவும் முடியாது.

அந்த எண்ணோடு வருகைகள், மருந்துகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஒவ்வாமைகள் எல்லாம் தனித்தனி அட்டவணைகளாக இணைந்திருக்கும். பல அமைப்புகளில் நோயைக் குறியீடாகவும் பதிவார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் இரண்டாம் வகை இனிப்பு நீர் 'ஈ11'. குறியீடாக இருப்பதில்தான் கணினியின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பென்சிலின் ஒவ்வாது என்று பதிந்திருப்பவருக்கு டாக்டர் அமோக்சிசிலின் எழுதினால், இரண்டும் ஒரே குடும்பம் என்று திரை எச்சரிக்கும். டாக்டரின் கோழிக் கிறுக்கலால் இதைச் செய்ய முடியாது.

அடுத்தது, யார் எதைப் பார்க்கலாம் என்பது. முகப்பில் இருப்பவருக்குப் பெயர், வருகை நேரம், பில் போதும். தாதிக்கு ரத்த அழுத்தமும் மருந்தும் வேண்டும். முழுப் பதிவும் டாக்டருக்கு. சில பெரிய மருத்துவமனைகளில் அவசரத்துக்கு என்று ஒரு விதிவிலக்கு வைத்திருப்பார்கள்: காரணத்தை எழுதிவிட்டு யாருடைய பதிவையும் திறக்கலாம், ஆனால் பின்னால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் சொல்ல வைப்பதுதான் நுழைவுக் குறிப்பு. என்னைக் கேட்டால் முழு அமைப்பின் உயிர்நாடியே இதுதான். யார், எந்த நேரத்தில், எந்த நோயாளியின் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்று ஒவ்வொரு வரியாக அது எழுதிக்கொண்டே போகும். தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதும் வருகைப் பதிவேடு, அந்தச் செக்ரோல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: பேனாவால் எழுதியதைச் சுரண்டக்கூடாது, தப்பானால் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்.

சரி, கணினியில் சுரண்டினால் யாருக்குத் தெரியும்? நல்ல அமைப்புகளில் அதற்கும் வழி உண்டு. ஒவ்வொரு வரிக்கும் கணித முறையில் ஒரு முத்திரை கணக்கிடுவார்கள். எஸ்எச்ஏ-256 என்ற முறையில், வரி எவ்வளவு நீளமானாலும் முத்திரை 256 பிட்தான். ஓர் எழுத்தை மாற்றினாலும் அது அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இரண்டாவது வரியின் முத்திரையில் முதல் வரியின் முத்திரையும் கலந்திருக்கும், மூன்றாவதில் இரண்டாவதினுடையது. நடுவில் ஒரு வரியில் கை வைத்தால் அதற்குப் பிறகு வரும் எதுவும் ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டு ஏமாற்றலாமே என்றால், கடைசி முத்திரையை வேறோர் இடத்திலும் சேமித்துவிடுவார்கள்.

பூட்டும் வேண்டும்தான். தகவலை மறைகுறியாக்கி வைத்தால், திருடுபோன வன்தட்டைத் திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாது. நகல் ஒன்றை வலைத்தொடர்பு இல்லாமல் தனியே வைக்க வேண்டும். 2017 மே மாதம் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற நச்சுநிரல் பிரிட்டனின் பல மருத்துவமனைகளை முடக்கியதே, அந்த மாதிரி நாளில் கைகொடுப்பது அந்த நகல்தான். ஆனால் பூட்டு என்றைக்காவது உடையும், உடைவதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்திலிருந்து 1.5 மில்லியன் பேரின் விவரங்களைத் திருடினார்கள், அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கினுடையது உட்பட. அது வெளிப்பட்டது ஜூலை 4 அன்று, தரவுத்தளத்தில் வழக்கத்துக்கு மாறான நடமாட்டத்தை அதன் நிர்வாகிகள் கவனித்ததால்.

நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல்நலத் தகவலை அது உணர்திறன் மிக்க தகவல் என்று தனியாக வகைப்படுத்துகிறது. 2025 ஜூன் 1 முதல் கசிவு நடந்தால் ஆணையரிடம் தெரிவிப்பதும் கட்டாயம். மத்திய, மாநில அரசாங்கங்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் தனியார் கிளினிக் அதற்குள் வந்துவிடும்.

ஆகவே டாக்டரிடமே கேட்டேன். நல்ல மனிதர், திரையை என் பக்கம் திருப்பினார். அம்மாவின் பதிவை அந்த வாரம் ஒன்பது முறை திறந்திருந்தார்கள். ஒன்பதிலும் டாக்டரின் பெயர்தான். ஒரு வரியில் விரலை வைத்தவர் சற்று நேரம் பேசவில்லை. "அன்னைக்கு மத்தியானம் நான் ஈப்போவுல இருந்தேனே, தம்பி."

காரணம் முகப்பிலேயே ஒட்டியிருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் காகிதம், அதில் டாக்டரின் கடவுச்சொல். காலையில் ஒரு தடவை அதைத் தட்டிவிட்டு, ராத்திரி கடை மூடும்வரை எல்லாரும் அதே பெயரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பார்த்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

இப்போது ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். இரண்டு நிமிடம் தொடாமல் இருந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்கிறது. அதனால் ஒவ்வோர் ஆளுக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது, வரிசை நீள்கிறது. போன மாதம் போயிருந்தபோது, என்ன இப்படி லேட் பண்ணுறாங்க என்று முதலில் முணுமுணுத்தது அம்மாதான்.